கயிற்றின் மறுமுனையில் இருந்த கனம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். என் பயமெல்லாம் வேறு: சிலிண்டரை மூடினேனா, மகள் ஸ்கூல் வேனில் ஏறினாளா, மோட்டார் சூடாகிறதா, இப்படி. எட்டாவதோடு படிப்பை விட்டவன், எனக்கு விளக்கமெல்லாம் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

துவாரகாவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்கும் என் மனைவியின் தம்பி செல்வத்துக்கும் வேலை. தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, தெரியும். ஆனால் மோட்டாரில் துணி சிக்கினால் கழிவை உறிஞ்சும் வண்டி வரும்வரை யார் பொறுக்கிறார்கள்? மூடியைத் திறந்துபோட்டு டீ குடிக்கப் போவோம், திரும்பி வரும்போது நாற்றம் குறைந்திருந்தால் இறங்குவோம். மூக்குதான் எங்கள் சோதனை.

அன்று மத்தியானமும் அப்படித்தான். செல்வத்தின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு தரம் வெட்டி இழுத்தால் மேலே தூக்க வேண்டும் என்று பேச்சு. கொஞ்சம் படிகள் இறங்கியதும் கத்தினான்.

"மாமா, இங்க நாத்தமே இல்ல. சுத்தமா இருக்கு."

"எனக்கு இங்கயே அழுகின முட்டை மாதிரி அடிக்குதேடா. ஏறி வாடா."

"உனக்கு எப்பதான் அடிக்கல? அக்கா உன்ன எப்படித்தான் வெச்சு சமாளிக்குதோ!"

சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் இரண்டு கையும் ஏணியில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் கயிறு கீழ்ப்பக்கமாக வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம் இழுபட்டது.

யோசிக்காமல் இழுத்தேன், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் பையா என்று அழைக்கும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டேன், அவரும் ஓடி வந்து பிடித்தார், அதற்குள் செல்வத்தின் பேச்சு நின்று தலை தொங்கிவிட்டது. அவன் ஒடிசலான ஆள். ஆனால் இரண்டு பேர் காலை ஊன்றி இழுத்தும் கயிறு நகர மாட்டேன் என்றது. எப்படியோ அவன் தோள் வெளியே வந்ததும் பாரம் சட்டென்று பாதியானது. நாங்கள் இருவரும் மல்லாக்க விழுந்தோம். உள்ளே தண்ணீரில் எதுவோ பொத்தென்று விழுந்தது.

"தூஸ்ரா ஆத்மி!" இன்னொரு ஆள் இருக்கிறான் என்று கத்திக்கொண்டு பையா தொட்டிக்குள் காலையே வைத்துவிட்டார். அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன். உள்ளே யாருமில்லை, யாருமில்லை என்று இந்தியில் அலறினேன். எனக்கே அது நிச்சயமில்லை.

ஆஸ்பத்திரியில் செல்வம் கண் விழித்தான். டாக்டர் திட்டித் தீர்த்தார். தொட்டிக்குள் தேங்கும் வாயு கொஞ்சமாக இருந்தால்தான் நாறுமாம், அதிகமானால் மூக்கே மரத்துப்போகுமாம், காப்பாற்ற இறங்குகிறவனையும் சேர்த்துக் கொல்லுமாம். அது எனக்குப் புரிந்தது. முகமூடி மாட்டிய தீயணைப்பு ஆட்கள் தொட்டி முழுக்கத் தேடியதில் மோட்டாரில் சிக்கிய துணியைத் தவிர ஒன்றுமில்லை. கயிற்றை இழுக்கவே இல்லை என்று செல்வம் தன் அக்கா மேல் சத்தியம் செய்கிறான்.

இப்போதெல்லாம் வாயு அளக்கும் கருவி இல்லாமல் நான் மூடியைத் தொடுவதுகூட இல்லை. அது சரியாகிவிட்டது. பையாதான் சரியாகவில்லை. நான் தன் உயிரைக் காப்பாற்றியதாக அவர் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. பார்க்கும்போதெல்லாம் ஒன்றையேதான் கேட்கிறார்: "தொட்டிக்குள் இருந்தவன் என்னைப் பார்த்துக் கையை நீட்டினானே, நீ ஏன் என்னை இறங்க விடவில்லை?"