திருத்தின பிழையைத் திரும்ப எழுதின நாள்

இண்டைக்கு நல்லாக் களைச்சுப் போனன்.

எழுதின கோடை மெஷினுக்கு விளங்கிற மாதிரி மாத்திக் குடுக்கிற கம்பைலர்தான் எங்கட கொம்பனி செய்யிறது; அதில ஒரு பிழை இருந்தது. ஒரு டெம்ப்ளேட்டில இருந்து வந்த கிளாஸ் ஒண்டு ஒரு ஃபங்ஷனைத் தன்ர ஃபிரெண்ட் எண்டு சொன்னால், அதே டெம்ப்ளேட்டில வந்த மற்றக் கிளாஸுகளின்ர பிரைவேட்டுக்குள்ளயும் அந்த ஃபங்ஷனை விட்டுடும். ஒரு வீட்டுக்காரர் தன்ர கூட்டாளிக்குத் திறப்புக் குடுத்தால், அதே அச்சில கட்டின பக்கத்து வீடுகளையும் அவருக்குத் திறந்து விடுற மாதிரி. மாதக்கணக்காப் பாடுபட்டுத் திருத்தி, போன கிழமைதான் வெளியிட்டம்.

காலமை ஜேர்மனியில கார்ல்ஸ்ரூஹேயில இருந்து ஒரு வாடிக்கையாளரின்ர ஃபோன். என்ர பேரைக் கேட்டதும் தமிழுக்கு மாறிட்டார். கோயம்புத்தூராம்.

"மேடம், புது வெர்ஷன்ல எங்க கோடு கம்பைலே ஆகலைங்க."

"உங்கட கோட்தான் பிழை. முந்திக் கம்பைலர் அதைப் பிடிக்கேல்ல, இப்ப பிடிக்குது."

"புரியுதுங்க. ஆனா எல்லாமே அப்படித்தான் எழுதி வச்சிருக்கோம். திங்கக்கிழமை டெலிவரி. கல்யாணமாகி இப்பத்தான் வீட்டுல ஊர்லேருந்து வர்றாங்க. நாளைக்கு ஏர்போர்ட்டுக்குப் போகணுங்க."

புது மனுசி வந்திறங்கிற நேரத்தில, அதுக்குமேல எனக்கு வாதாட மனம் வரேல்ல.

மேலாளரிட்டப் போனன். அவர் யோசிக்கவேயில்லை. "பழையபடி நடக்க ஒரு ஆப்ஷன் வைச்சுக் குடுங்கோ" எண்டார்.

பின்னேரம் முழுக்க இருந்து, நான் திருத்தின பிழையை நானே திரும்ப எழுதி அனுப்பினன். "கம்பைல் ஆயிடுச்சுங்க, நாளைக்கு நிம்மதியா ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறேன்" எண்டு பதில் வந்தது.

அந்த ஆப்ஷனுக்கு இப்ப இருக்கிறது தற்காலிகப் பேர். ஆருக்கும் நல்ல பேர் தோன்றினால் சொல்லுங்கோ. எனக்கு வாறதெல்லாம் கையேட்டில எழுத ஏலாத சொல்லுகள்.