உயிரோடு இருப்பதற்கு ஒரு ஃப்ளெக்ஸ்

மும்பையில், மாட்டுங்காவில் நான் படித்த டிசைன் வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு காபிக் கம்பெனி வைத்திருந்தோம். ஒன்றிலும் காபி கிடைக்காது. வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்காக, இல்லாத முதலாளி கேட்டதாக நாங்களே பெயர் வைத்து, சின்னம் வரைந்து, கோப்பையிலும் பையிலும் ஒட்டிப் பார்த்துக்கொண்ட கம்பெனிகள் அவை. கோப்பையைப் பிடித்திருக்கும் கை இலவசமாகக் கிடைக்கும் படம் என்பதால் பன்னிரண்டு கம்பெனிக்கும் ஒரே வெள்ளைக்காரக் கை. இதைத்தான் போர்ட்ஃபோலியோ என்று சொல்லிக்கொண்டோம்.

"உன்னை நீயே விற்கத் தெரியணும்" என்று எங்கள் ஆசிரியர் வாராவாரம் சொல்வார். அவரை யாரும் வாங்காததால்தான் அவர் வகுப்பு எடுக்க வந்தார் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். எனக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, கன்னத்தில் கைவைத்த என் படம் ஒன்றைப் போட்டு, "எளிமையைத் தேடுபவள்" என்று எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடியில் நாலு பேர் படுக்கிறோம். எளிமையை நான் தேடிப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உண்மையில் நான் வேலை பார்த்த இடம் தாராவியில், தொண்ணூறடிச் சாலையை ஒட்டி இருக்கும் என் சித்தப்பாவின் ஃப்ளெக்ஸ் கடை. ஏழு வருடமாக அங்கே டிசைன் எல்லாம் நான்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி. எங்கள் ஆட்களுக்கு ஃப்ளெக்ஸ் என்றால் முகம். முப்பது நாற்பது பேர் முகத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தாய்மாமன் தலை பெரியப்பா தலையைவிட ஒரு விரல் சின்னதாகிவிட்டால் பந்தியில் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார். யார் யாரோடு பேசுவதில்லை, யாரை யார் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றெல்லாம் கேட்டுக்கொண்டுதான் மௌஸையே தொடுவேன். எழுத்து, சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். அதனால் சிவப்பில் மஞ்சள், இல்லாவிட்டால் மஞ்சளில் சிவப்பு.

அடியில் கடைப் பெயரும் நம்பரும் வரும். "ஒம் பேரையும் போடுட்டி, நீதான செஞ்ச" என்று சித்தப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் போட்டதே இல்லை. வகுப்பில் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று நினைத்தேன். என் போர்ட்ஃபோலியோவில் ஒரு ஃப்ளெக்ஸ்கூட இல்லை.

செம்பூரில் ஒரு பழைய பங்களாவில் ஒரு டிசைன் ஸ்டுடியோ. அங்கே ஒரு இடம் காலி என்று தெரிந்து விண்ணப்பித்திருந்தேன். அந்த வேலை எனக்குச் சோறு இறங்காத அளவுக்கு வேண்டியிருந்தது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிட்டு, "உங்கள் சொந்தக் கலாச்சாரத்திலிருந்து ஒரு படைப்பையும் உங்கள் பக்கத்தில் ஏற்றி வையுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள்.

கலாச்சாரத்துக்கு எங்கே போவது? கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எடுத்துக்கொண்டேன். அதைச் சுத்தம் செய்து, நாகரிகமாக்கி உலகத்துக்குக் கொடுப்பது என்று முடிவு. சுடரையும் பொங்கும் கண்ணீரையும் தூக்கி எறிந்தேன். வெள்ளைத் தாள், நடுவில் ஒரு முகம், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள், சுற்றிலும் வெறுமை. யார் முகத்தைப் போடுவது? இலவசப் படங்களில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரத் தாத்தாக்கள். கடையில் இந்த மாதிரி சமயத்தில் சித்தப்பா முகம் வர வேண்டிய இடத்தில் குத்துவிளக்குப் படத்தை வைப்பார். உயிரோடு இருப்பவர் முகத்தை மாதிரிக்குக்கூட வைக்க மாட்டார். குத்துவிளக்கு எனக்கு நாட்டுப்புறமாகப் பட்டது. அடுத்தவர் முகத்தை வைத்தால் செருப்பு பறக்கும் என்பதால், கன்னத்தில் கைவைத்த என் படத்தையே வைத்தேன். மறைவுத் தேதியைக் காலியாக விட்டால் சமநிலை கெடுகிறது என்று அன்றைய தேதியைப் போட்டேன். "மாதிரி" என்ற சொல்லையும் போட்டேன். மறக்கவில்லை. வலது மூலையில், மெல்லிய எழுத்தில், வெளிர்சாம்பல் நிறத்தில்.

வெள்ளிக்கிழமை மாலை ஏற்றினேன். தாணேயில் இருக்கும் அத்தை மகன் தமிழ் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவன். என் படத்தையும் இரண்டு தேதியையும் பார்த்தான், அழுகிற பொம்மை ஆறு சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்தான். அவ்வளவுதான், மிச்சத்தைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை நான் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தபோது வாசலில் அந்த அத்தை, மாலையோடு. என்னைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். கட்டிப்பிடித்து ஒரு மூச்சு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்கின மாலைய இப்போ என்னட்டி செய்ய?" என்று கேட்டாள். துக்க மாலையைச் சாமிக்கும் போட முடியாது. தண்ணீர் டிரம் மேல் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் நாற்பது பேர் வந்தார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்ததும் சிலருக்கு ஏமாற்றம்தான். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

என் அம்மா கடைசி ஆள் போகும் வரை பேசவில்லை. அப்புறம் பேசினாள்.

"கூறு இருக்காட்டி ஒனக்கு? உசுரோட இருக்கவ போட்டோவுக்குக் கீழ தேதி போடுவாளா எவளாவது? இனி ஒன்னப் பொண்ணு பாக்க எவன்ட்டி வருவான்?"

"மூலையில மாதிரின்னு போட்டிருக்கும்மா."

போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள். "எங்கட்டி போட்டிருக்க? எறும்பா படிக்கும்?"

ஏழு வருடம் எழுத்துத் தெரிய வேண்டும் என்றே வேலை பார்த்தவள் நான்.

"சித்தப்பாட்ட சொல்லிட்டேன். இன்னைக்கே ஒரு பொறந்தநாள் ஃப்ளெக்ஸ் போடுத. நீ உசுரோட இருக்கன்னு நாலு பேருக்குத் தெரியணும்லா."

பிறந்தநாளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. என் முகம் கடைசியாக ஃப்ளெக்ஸில் வந்தது பதின்மூன்று வயதில், சடங்கின்போது. அப்போதும் என்னை யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்து என் பிறந்தநாள் ஃப்ளெக்ஸை நானே செய்தேன். பத்துக்கு எட்டு. "நூறாண்டு வாழ்க" என்று மஞ்சளில், சுற்றிச் சிவப்பு. முப்பத்திரண்டு முகங்கள், யாருக்கும் மனக்குறை இல்லாமல். ஸ்டேட்டஸ் வைத்த அத்தை மகனை மட்டும் கீழ் மூலையில் எலுமிச்சம்பழ அளவில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சந்து முனையில் கட்டினார்கள். ஒரே நாளில் எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை ஸ்டுடியோவில் ஆள் எடுக்கும் பெண்மணி என்னைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் போனாள். அவர்களும் என் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். முகம், இரண்டு தேதி. தமிழ் தெரியாவிட்டாலும் புரிந்துவிட்டது. வருத்தத்தோடு பெயரை அடித்துவிட்டு என் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். விளக்கிச் சொன்னதும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கடைசி ஆளாக உள்ளே அனுப்பினாள்.

ஸ்டுடியோவின் தலைவர் கறுப்பு பனியனும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார். என் காபிக் கம்பெனியைத் திறந்து அந்தக் கையைப் பார்த்ததும் மூடினார். "காலையிலிருந்து ஆறாவது காபி" என்றார் ஆங்கிலத்தில். "அதிருக்கட்டும், நீ சாகவில்லை என்று உன் ஆட்களுக்கு எப்படித் தெரியப்படுத்தினாய்?"

போனில் ஃப்ளெக்ஸின் படத்தைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக நகர்த்தினார். "முப்பது முகம், ஒன்றுகூட ஒன்றை மறைக்கவில்லை. யாருக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்கே தெரிகிறது. யார் செய்தது இதை?"

அந்த அறையின் வெள்ளைச் சுவர், அவர் கண்ணாடி, என் ஏழு வருட வெட்கம் எல்லாம் சேர்ந்து வாயைத் திறந்தது. "எங்கள் ஏரியாவில் ஒரு கடை. அங்கே யாரோ" என்றேன்.

"அந்த ஆளின் நம்பர் வேண்டும்" என்றார்.

கொடுத்தேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். செம்பூர் ஸ்டேஷனில் இரண்டு வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

புதன்கிழமை கடை போன் அடித்தது. சித்தப்பா எடுத்து, தன் பம்பாய் இந்தியில், "டிசைன் பண்றது என் அண்ணன் பொண்ணு, எல்லாம் அவதான்" என்று பெருமையாகச் சொல்லி, என் பெயரையும் சொல்லிப் போனை நீட்டினார். மறுமுனையில் அதே பெண்மணி. "நீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஸ்டுடியோவின் ஆண்டுவிழாவுக்கு எல்லா ஊழியர் முகமும் வைத்து அதே மாதிரி ஒரு பேனர் வேண்டும். வேலை? அது திங்கட்கிழமை சாயங்காலமே நிரம்பிவிட்டது. இன்னொரு காபிக் கம்பெனிக்கு.

பேனரைச் செய்தேன். தலைவர் தலை நடுவில், பூசணிக்காய் அளவுக்கு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு எலுமிச்சம்பழம். அடியில் கடைப் பெயர், நம்பர். அதன் பக்கத்தில், முதல் தடவையாக, டிசைன் என்று போட்டு என் பெயர். மஞ்சளில், சுற்றிச் சிவப்பு.

பார்வைக்கு அனுப்பினேன். அந்தப் பெண்மணியே கூப்பிட்டாள். எல்லாருக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு திருத்தம்தானாம். "கீழே உங்கள் பெயர் மட்டும் கொஞ்சம் கத்துகிறது. மெல்லிசான எழுத்தில், வெளிர்சாம்பலில் போட்டால் அழகாக இருக்கும் இல்லையா?"

வெளிர்சாம்பலில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாலையோடு வந்துவிடுவார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.