திரைக்கு வெளியே நின்ற அக்கா

எங்கள் டோங்கா தீவு ஆஸ்பத்திரியில் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதில் நர்ஸ் சியாலேயை மிஞ்ச ஆள் கிடையாது. கொரோனா நுரையீரலை அடைத்துவிட்டால், குப்புறப் படுத்தால்தான் கொஞ்சமாவது காற்று உள்ளே போகும். மனிதர்கள் கேட்டால்தானே! "ஒழுங்கா திரும்புறீங்களா மாமா, இல்ல பன்னியத் தீயில வாட்டுற மாதிரி நானே பொரட்டவா?" என்பாள். மூச்சு முட்டுகிறவர்கூடச் சிரித்துக்கொண்டே திரும்பிவிடுவார். வார்டைத் துடைப்பதும் அவளோடு சேர்ந்து ஆளைப் பிடித்துத் திருப்புவதும் என் வேலை.

அவள் தம்பி மனாசேயை ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்த அன்று அந்த வாய் அடைத்துப்போனது. வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் படுக்காத ஊர் இது. அக்கா எதிரில் தம்பி சட்டையைக் கழற்ற மாட்டான். இவனோ முதுகைத் திறந்துபோட்டுக் கிடக்க வேண்டும். மற்ற நர்ஸ்கள் எல்லாரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். இருந்த ஒரே வென்டிலேட்டரில் வேறொருத்தி. "குப்புறப் போடுங்க, வேற வழியில்ல," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு ஓடினார்.

சியாலே திரைக்கு வெளியே நின்றாள். என்னைக் கூப்பிட்டாள். "லோபேட்டி, நீ திருப்பு. நான் சொல்லச் சொல்லச் செய். நெஞ்சுக்குக் கீழ தலகாணி வை."

அவள் குரல் கேட்டதுதான் தாமதம், கட்டிலில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து போர்வையை இழுத்து மூடினான். பேசுவதற்காக ஆக்சிஜன் மாஸ்க்கையும் கழற்றினான்.

"அக்கா... நீங்க... இங்க நிக்காதீங்க."

உதடு நீலம் பாரித்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். "உன் மரியாதையில தீய வைக்க! மொதல்ல மூச்ச விடுடா!" என்று கத்தி, மாஸ்க்கை மாட்டிக் குப்புறப் படுக்க வைத்தேன். வெளியே அவள் விம்மியது கேட்டு மறுபடியும் எழுந்தான்.

தான் இருப்பதே அவனுக்கு ஆபத்து என்று அவள் வாசலுக்கே போய்விட்டாள். எனக்கு என்ன தெரியும்? தலையணையை நகர்த்தினேன், குழாயைத் தடவிப் பார்த்தேன். மானிட்டரில் ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டே போனது. பயந்துபோய் அவளை இழுத்து வந்தேன்.

உள்ளே வந்தவள் அவன் இடுப்பைப் பிடித்துச் சரித்தாள், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள், குழாயை நேராக்கினாள். அவன் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் கை போர்வையைத் தேடவில்லை.

அதைப் பார்த்ததும் அவள் மண்டியிட்டு அவன் காதருகே குனிந்தாள். "வெளிய போங்கன்னு சொல்லு தம்பி. ஒரு தடவ சொல்லு, போயிடுறேன்."

அவன் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அவன் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது நிற்கும்வரை.