அருவிக்கடியில் வேர்வை தெரியாது

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை காலை, குற்றாலம் மெயினருவியில் குளித்துவிட்டு வந்த நான், ஒரு பழக்கடை முன்னால் நினைவு தப்பி விழுந்தேன். ரத்தத்தில் சர்க்கரை கூடி அல்ல, குறைந்து. சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரை இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு சீசனுக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் பக்கம் திருவேங்கடத்தில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் எனக்கு. ஒற்றைச் சாக்கில் தொடங்கிய கடை. வருடம் ஒருமுறை கடைக்கு லீவு விட்டு, நானும் கணவரும் குற்றாலச் சாரலுக்குப் போவோம். சங்கரன்கோவில் மாறித் தென்காசி, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்தான், டவுன் பஸ் அடிக்கடி உண்டு. அறை வாடகை 1,200 சொன்னார்கள், 850க்கு முடித்தேன். வார நாளில் போனால் நீங்களும் முடிக்கலாம்.

எங்கள் பக்கத்தில் அருவிக்கு வெறும் வயிற்றில்தான் போவது. குளித்த பசிக்குச் சாப்பிடுகிற இட்லியின் ருசியே வேறு. என் சர்க்கரை மாத்திரை காலைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது. குளித்துவிட்டு நேரே சாப்பாடுதானே என்று அறையிலேயே ஐந்தே முக்காலுக்குப் போட்டுக்கொண்டேன். பெண்கள் வரிசை நகரவே இல்லை. தலையில் தண்ணீர் விழும்போது மணி ஏழேகால்.

கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். வேர்த்துக் கொட்டியிருக்கும், அருவிக்கடியில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கண்ணைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இந்த அக்காவுக்குச் சாமி வந்துட்டு, வழி விடுங்க” என்று கத்தினாள். அருவியை ஒட்டியே கோயில். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்னொருத்தி என் கையைப் பிடித்து, “தாயே, எம் மவனுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?” என்று கேட்டாள்.

கணவர் ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு, வெளியே பழக்கடையில் காத்திருந்தார். எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறேன். இதற்கு மேல் நடந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“மங்குஸ்தான் கிலோ ஐநூறு, ஆச்சி” என்றாராம் கடைக்காரர்.

“சரி, ரெண்டு கிலோ போடுங்க” என்றேனாம்.

கணவர் பதறிவிட்டார். “அண்ணாச்சி, போடாதீங்க. இவ பேரம் பேசாம வாங்குதா. இவளுக்கு என்னமோ ஆயிட்டு.”

“வாங்குதவங்கள ஏன்யா கெடுக்கீரு?”

கணவர் பக்கத்து டீக்கடைக்கு ஓடி, ஒரு தம்ளர் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். ஏழு வருடமாகச் சீனி ஆகாது என்று பழகிய வாய்.

“குடிட்டி!”

“எனக்குச் சுகர் இருக்கு. என்னக் கொல்லப் பாக்கீங்களா?”

“குடிக்கலன்னாத்தான்ட்டி செத்துப்போவ!”

இரண்டு மிடறு உள்ளே போனதாம். அப்புறம் விழுந்துவிட்டேன்.

“ஏலே, வண்டிய ஒதுக்குலே! உசுரு கெடக்கு!” என்று ஆட்டோக்காரர் யாரையோ ஏசியது மட்டும் எனக்கே அரைகுறையாகக் காதில் விழுந்தது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 41. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

நான் தெளிந்ததும் டாக்டரம்மா என் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தார். தைராய்டு டப்பா சீல் உடைக்காமல் கிடந்தது.

“இத ஏம்மா நிறுத்துனீங்க?”

“சுகர் மாத்திரை போட்டா மெஷின்ல நம்பர் இறங்குது. இதப் போட்டு என்ன லாபம்னு ஒண்ணும் தெரியல. மூணு மாசமா நிறுத்திட்டேன்.”

“சுகர் டாக்டர்ட்ட சொன்னீங்களா?”

சொல்லவில்லை. அது வேறு டாக்டர், இது வேறு டாக்டர் என்று இருந்துவிட்டேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தைராய்டு சுரப்பு குறைந்தால், இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காமல் போகலாம். அந்த மூன்று மாதமும் என் சர்க்கரை ஏறி நின்றதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஏறியதைப் பார்த்துச் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஆனால் அதே தைராய்டுக் குறைவால் உடம்பு முழுக்க மந்தமாகி, போட்ட மாத்திரை சீக்கிரம் வெளியேறாமலும் தங்கும். கூட்டிய மாத்திரை, மந்தமான உடம்பு, வெறும் வயிறு. மூன்றும் அருவியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. தைராய்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாலும் சர்க்கரைக் கணக்கு மறுபடி மாறும், அடிக்கடி பார்க்க வேண்டும் என்றார்.

ஒரு ராத்திரி தங்கவைத்துத்தான் அனுப்பினார்கள். பில்லில் குறைத்துக் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள், ருசி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சீனியைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கையோடு வைத்திருங்கள். பெண்கள் பக்கம் தனியாகப் போகாமல், விஷயம் தெரிந்த ஒருத்தியைக் கூட்டிப் போங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

திரும்புகிற பஸ்ஸில் கணவர் நிபந்தனைகளைச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு நிபந்தனை போட்டதே இல்லை. கேட்டு முடித்து, “சரி” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “பேரம் பேசலியா? கைய நீட்டு” என்று சுகர் மெஷினை எடுத்து விரலில் குத்தினார். 126.

“நல்லாத்தான் இருக்கேன். சரின்னா சரிதான்.”

முடிவானது இது: விடிந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். ஒரு மணி நேரம் காபி கிடையாது. சர்க்கரை மாத்திரை, இட்லி இலைக்கு வந்த பிறகு. எதை நிறுத்துவதானாலும் இரண்டு டாக்டரிடமும் கேட்ட பிறகு. பதிலுக்கு, உடம்பைக் காட்டிக் கடையை மூடச் சொல்லி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், அதுவும் அவரே சொன்னது. அடுத்த சீசனுக்கு ஐந்தருவி.