காடு என்று எழுதியது நான்தான்

மூதூர் ஆற்றங்கரையின் சரித்திரத்தை நாற்பது பக்கத்தில் எழுதி அச்சடித்த மடையன் நான். எழுதித் தா என்று ஒருவரும் வந்து கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்த திமிர், வேறென்ன?

போன மாதம் அந்தப் புத்தகத்தோடுதான் என் அக்கா, ராத்தாவின் வயலில் நின்றேன். சண்டைக் காலத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கந்தளாய்க்கு ஓடினோம். திரும்பி வருவதற்குள் வரம்பு தெரியாமல் முட்பற்றைக் காடு மூடிவிட்டது. காணிப் பத்திரம் வீட்டோடு எரிந்துபோனது. இப்போது அது அரசாங்கக் காடாம், எல்லைக்கல்லும் நட்டுவிட்டார்கள். ராத்தா கணவனை இழந்தவர்; அந்த இரண்டு ஏக்கரை விட்டால் அவருக்கு வேறு ஒன்றுமில்லை.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கரையோரத்தில் யார் யார் எந்த வயலைச் செய்தார்கள் என்று என் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். எங்கள் வாப்பாவின் பெயரும் அதில் இருந்தது. எங்களிடம் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அதுதான்.

அதிகாரி வாசித்துத் தலையாட்டினார். ராத்தா என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்த மனுசன் அத்தோடு மூடியிருக்கக் கூடாதா? முதலாம் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாக வாசித்தார்.

“‘மனிதக் கால் படாத கன்னிக்காடு இன்றும் தென்கரையை அலங்கரிக்கின்றது.’ தென்கரை எண்டா இந்த இடம்தானே?”

“ஓம் சேர். அது சும்மா அழகுக்கு எழுதினனான்.”

“அப்ப பொய்யா?”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பேனாவால் கெட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் ராத்தாவின் வயல் அல்லவா?

“ஓம் சேர், பொய்தான்.”

“முதலாம் பக்கம் பொய் எண்டா, பன்னிரண்டாம் பக்கத்த நான் எப்பிடி நம்புற?”

ராத்தா என் கையை விட்டார்.

“புத்தகத்த விடுங்க சேர். இதுக்குள்ளதான் எங்கட வரம்பு கிடக்கு. வந்து பாருங்க.”

மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அதிகாரி வாகனத்தில் ஏறினார். ராத்தா நிற்கவில்லை. பற்றைக்குள் இறங்கி, வெறுங்கையால் முள்ளை இழுத்துப் பிடுங்கினார். விரலில் இரத்தம். அல்லாவே என்று நானும் பின்னால் ஓடி ஒரு கொடியைப் பிடித்தேன்.

“நீ தொடாத” என்றார், திரும்பியும் பாராமல். “நீ எழுதினதே போதும்.”