தேக்குப் பெட்டிக்குள் அடங்காத கம்ப்யூட்டர்

சிங்கப்பூரில் வேலைக்குப் போன தம்பி இரண்டாவது லீவுக்கு வரும்போது எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். எண்பதுகளின் பின்பாதி. கீபோர்டும் மிஷினும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், டி.வி.யோடு இணைத்தால் நாம் அடிப்பது திரையில் வரும். கணக்கில் நான் வகுப்பிலேயே முதலாவதாக வந்துகொண்டிருந்தும் வீட்டில் பி.யு.சி.யோடு என்னை நிறுத்திவிட்டு அவனை ஐ.டி.ஐ.க்கு அனுப்பினார்கள். அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இதை எனக்குத்தான் வாங்கினான், அவன் பெண்டாட்டிக்கு இல்லை.

மெட்ராஸிலிருந்து விழுப்புரம் வந்த பஸ்ஸில் அதை மேலே போட்டிருக்கிறான். திண்டிவனத்தில் யாரோ அதன்மேல் மல்லாட்டை மூட்டையை, அதான் வேர்க்கடலை, தூக்கிப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது பிளாஸ்டிக் கூடு ஏழு துண்டாகக் கிடந்தது. உள்ளே இருந்த போர்டுக்கும் கீபோர்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேஜைமேல் பரப்பி வைத்து டி.வி.யில் மாட்டினான். நீலத் திரையில் ஒரு சின்னச் சதுரம் மின்னிக்கொண்டு நின்றது. "கூடு இல்லாட்டி இன்னாக்கா, வேலை செய்யுது பாரு" என்றான். லீவு முடிவதற்குள், கூடவே வந்த புத்தகத்தை வைத்து பத்து வரி புரோகிராம் எழுத எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான்.

உடைந்த பிளாஸ்டிக்கை நான் குப்பையில் கொட்டினேன். அதோடு உள்பக்கம் இருந்த ஒரு வெள்ளித்தாள் அட்டையும் போயிற்று. பேக்கிங் அட்டை என்று நினைத்துவிட்டேன்.

நான் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வீடு விழுப்புரம், வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. மதிய ஷிப்ட் உள்ள நாட்களில் காலையில் இரண்டு மணி நேரம் எனக்கே எனக்கென்று கிடைக்கும். அப்போது போர்டின் முன் உட்காருவேன். ஒருநாள் கூரையிலிருந்து ஒரு பல்லி நேராக அந்தப் போர்டின் மேல் விழுந்தது. பல்லியும் பிழைத்தது, போர்டும் பிழைத்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இதற்கு மரத்தில் ஒரு பெட்டி செய்துவிட வேண்டும்.

எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் வழியில் கதவு, கட்டில் செய்யும் தச்சர் ஒருவர் இருந்தார். அளவெல்லாம் குறித்த காகிதத்தை அவரிடம் கொடுத்தேன். கீபோர்டு வெளியே தெரிய மேலே ஒரு நீள்சதுரம், பின்பக்கம் வயர் சொருக நான்கு ஓட்டை.

"இது இன்னாத்துக்கும்மா? ரேடியோவா?"

"இல்லண்ணே, கம்ப்யூட்டரு."

"அதுக்கு இன்னா மரம் போடறது?"

"நீங்களே நல்ல மரமா பாத்துப் போடுங்கண்ணே."

நான் செய்த தப்பு அதுதான். நல்ல மரம் என்றால் அவருக்குத் தேக்கு. தேக்கு என்றால் முக்கால் அங்குலக் கனம். மூன்று வாரம் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துவிட்டு ஒரு பெட்டியைத் தந்தார். பழுதே சொல்ல முடியாத வேலை. மூலைகள் ஒன்றோடொன்று பல்லாகக் கோத்திருந்தன, வார்னிஷ் பளபளத்தது. பாசெஞ்சர் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த அம்மா, "சாமி வைக்கவா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து போர்டை உள்ளே திருகி, கரண்டு வயரைப் பின்பக்க ஓட்டையில் நுழைத்தேன். எட்டவில்லை. பிளக்கின் முனை அரை அங்குலம் நீளம். பலகை முக்கால் அங்குலம். முனை மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. டி.வி. வயரும் அப்படியே, புரோகிராமைப் பதிந்து வைக்கும் டேப் ரிக்கார்டர் வயரும் அப்படியே. கம்ப்யூட்டர் உள்ளே பத்திரமாக இருந்தது. ஆனால் அதற்கு வெளி உலகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

மறுநாள் தச்சரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ குடுத்த அளவுல ஒரு நூல் மாறியிருக்கா, சொல்லு. ஓட்டை போடச் சொன்ன, போட்டேன். பிளக்கு சின்னதுன்னா அதுக்கு நான் இன்னா பண்றது?" அவர் சொன்னதில் பொய் இல்லை. பலகையின் கனத்தை நான் எழுதவே இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம். உளி ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

உள்பக்கமாகச் செதுக்கிப் பலகையின் கனத்தைக் குறைத்துவிடலாம் என்பது என் கணக்கு. முதல் ஓட்டை நன்றாக வந்தது. இரண்டாவதில் உளி கொஞ்சம் சாய்ந்தது. பலகை ரேகையோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிளந்தது. டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை, சண்டையாவது போட்டிருப்பேன்.

அப்புறம் யாரையும் நம்பவில்லை. ஸ்டேஷன் எதிரே இருந்த டீத்தூள் கடையில் காலியான தேயிலைப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கினேன். மெல்லிசான பிளைவுட், உள்பக்கம் ஈயக் காகிதம் மாதிரி ஒரு தகடு ஒட்டியிருக்கும். அந்தத் தகட்டை உரித்து ஓரமாக வைத்துவிட்டுப் பலகையை அறுத்தேன். ஹாக்ஸா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்துத்தான் அறுத்தேன். வேறு ரம்பம் வீட்டில் இல்லை. நேராக அறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பென்சில் கோடு ஒரு பக்கம் போகும், பிளேடு ஒரு பக்கம் போகும். இடது பக்கம் வலது பக்கத்தைவிடக் கால் அங்குலம் உயரமாக வந்தது. அதைச் சரிசெய்யத் தேய்த்தேன், பிறகு வலது உயரமானது. எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டினால் காதோரம் மரத்தூள் உதிர்ந்தது. பக்கத்து சீட் ஆபரேட்டர், "வீட்ல இன்னா, மரக்கடை வச்சிருக்கியா?" என்றாள்.

ஒரு மாதத்தில் பெட்டி நின்றது. அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் பிளக் சேர்ந்தது. அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. சாயங்காலம் முதன்முறையாக நிம்மதியாக உட்கார்ந்து அடித்தேன். அரைமணி ஆகியிருக்காது, மாடியிலிருந்து வீட்டு ஓனர் அம்மா இறங்கி வந்தார்.

"யம்மா, உங்க டி.வி.ல படம் வருதா? எங்களுதுல கோடு கோடா அடிக்குது. பாட்டு போட்ற நேரத்துல இன்னா பேஜாரு இது!"

எனக்குச் சுரீர் என்றது. அதுவரை காலையில்தான் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறேன், அப்போது மாடியில் யாரும் டி.வி. போடமாட்டார்கள். சுவிட்சை அணைத்தேன். "இப்ப வந்துச்சு! இப்ப வந்துச்சு!" என்று மாடியிலிருந்து குரல் கேட்டது. போட்டால் கோடு, அணைத்தால் பாட்டு. நான் குப்பையில் போட்ட வெள்ளித்தாள் அட்டை எதற்கு இருந்தது என்று அப்போது புரிந்தது. கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் அலை வெளியே போகாமல் தடுக்கத்தான்.

சரி, நம்மிடம்தான் தேயிலைப் பெட்டித் தகடு இருக்கிறதே என்று அதை மைதா பசை காய்ச்சிப் பெட்டியின் உள்பக்கம் முழுக்க ஒட்டினேன். மழைக்காலம். இரண்டு நாள் காயவைத்தேன், மூன்றாவது நாள் பொறுமை போய்விட்டது. மூடி சரியாக உட்காரவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஆணி திருகினேன். சுவிட்சைப் போட்டேன். திரை ஒருமுறை நீலமானது, உடனே கறுத்தது. பெட்டிக்குள்ளிருந்து ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது.

ஈரப்பசையில் தகடு எழும்பி, போர்டின் அடியில் பட்டுவிட்டது. நான் ஓவென்று அழுதேன்.

"நான் ரொம்ப அழுத்திட்டேன் போல" என்றார் அவர்.

"நீங்க இல்லங்க. நான்தான். எல்லாம் நான்தான்."

தம்பிக்கு எழுதவில்லை. நான்கு மாதம் பெட்டி பீரோமேல் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். தூசி தட்டக்கூட மாட்டேன். கடைசியில் அவர்தான் என்னிடம் சொல்லாமலே அதைப் பாண்டிச்சேரிக்கு எடுத்துப்போய், யாரோ சொன்ன ஒரு டி.வி. மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். போர்டு சாகவில்லை. மூன்று கால் உள்ள ஒரு சின்ன சாமான் மட்டும்தான் எரிந்திருந்தது. அதை மாற்றிக்கொடுத்த மெக்கானிக், தகட்டின்மேல் தடித்த காக்கி அட்டை ஒட்டச் சொல்லி அனுப்பினாராம். அவ்வளவுதான் விஷயம். ஒரு அட்டை.

ஒட்டினேன். இந்தமுறை ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன். சுவிட்ச் போட்டதும் மாடிக்கு ஓடி, "அக்கா, கோடு வருதா?" என்று கேட்டேன். ஓனர் அம்மா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "லேசா வருது. பரவால்ல போ" என்றார்.

அந்தப் பெட்டியில் உருப்படியாக நான் எழுதியது ஒரே ஒரு புரோகிராம். எக்ஸ்சேஞ்சில் பதினோரு ஆபரேட்டர்களுக்கு மாதாமாதம் டூட்டி லிஸ்ட் போடுவது பெரிய ரகளை. யாருக்கு நைட், யாருக்கு ஞாயிறு என்று ஒரு வாரம் சண்டை நடக்கும். அதைக் கணக்காக எழுதினேன். ஸ்பேஸ் கட்டை பிளைவுட் ஓரத்தில் உரசி அடிக்கடி மாட்டிக்கொள்ளும், விரலால் நெம்பி நெம்பித்தான் அடித்தேன். திரையில் வந்த லிஸ்டைப் பேப்பரில் கையால் எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் பக்கத்து சீட்காரி வந்து நின்றாள். "எனக்கு மட்டும் ஏன்டி மூணு ஞாயித்துக்கிழமை?"

எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான். என் பெயருக்கு நேரே ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. அன்று ரயிலில் முண்டியம்பாக்கம் தாண்டும்வரை மனசுக்குள் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். யார் எத்தனை ஞாயிறு பார்த்தார்கள் என்று எண்ணும் நாற்பதாவது வரியில் கூட்டல் போட வேண்டிய இடத்தில் கழித்தல் போட்டிருந்தேன்.