துண்டுச் சீட்டில் கேட்ட கேள்வி

2006-ம் வருடம். சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு, ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பக்கத்துத் தெருத் தறிச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். நானும் பேசவில்லை. காபி வேண்டுமென்றால்கூட சிலேட்டில் எழுதினேன். என்னைப் போல் சமர்த்து நோயாளி உண்டா என்று எனக்குள் ஒரே பெருமை.

இரண்டு வாரம் கழித்து வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். புண் சரியாக ஆறாமல் தழும்பு விழுந்திருக்கிறது, பேசினீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்திலிருந்த என் மனைவி மெல்லச் சொன்னாள்: "தினம் காத்தால பெருமாள் முன்னாடி உக்காந்துண்டு முணுமுணுன்னு பாசுரம் சேவிச்சேளே, அது?"

எனக்குப் பாசுரம் சேவிப்பது பேச்சில் சேர்த்தி என்று சத்தியமாகத் தோன்றவேயில்லை. முணுமுணுத்தாலும் குரல்நாணுக்கு வேலைதானே என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. கரும்பலகை முன் ஊமையாக நிற்பது போலவே நினைப்பு. சோறு இறங்கவில்லை. பேப்பரில் ஸ்டெம் செல் பற்றிப் படித்த என் மைத்துனர், சென்னையில் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். இடுப்பெலும்பிலிருந்து செல் எடுத்துத் தொண்டையில் ஊசி போட்டால் குரல்நாண் புதுசாகவே வளர்ந்துவிடும் என்று அங்கிருந்தவர் சொன்னார். ஆசை யாரை விட்டது? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். கணக்கு வாத்தியார் புத்தி, அதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன்: 'இதுவரை எத்தனை பேருக்குக் குரல் வந்திருக்கிறது?'

அவர் படித்தார். சீட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அவ்வளவுதான். பேனாவைக் கீழே வைத்தேன். மைத்துனரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

ஊர் திரும்பியதும், அந்த ஸ்டெம் செல் ஊசி பற்றி அதே கேள்வியை மறுபடி எழுதி, ஆபரேஷன் செய்த எங்கள் டாக்டரிடம் கொடுத்தேன்.

"இப்பதான் பிராணிங்களுக்குப் போட்டுப் பாத்துக்கினு இருக்காங்க சார். உங்களுக்கு ஆகுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை உங்க தொண்டையில போட மாட்டேன்" என்றார்.

இந்த முறை, புண் ஆறுவதற்காக அவர் பேசாமல் இருக்கச் சொன்ன ஆறு வாரமும் உதடுகூட அசைக்கவில்லை. பாசுரம் மனசுக்குள்தான். வருமா, வராதா என்று தினமும் செத்துப் பிழைத்தேன். ஏழாவது வாரம் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கரகரவென்றுதான் வந்தது. அடுப்படியில் அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

பழைய குரல் முழுதாகத் திரும்பவில்லை. கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் எல்லோரும் குரல் உயர்த்தும் இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன். இன்றும் காலையில் பாசுரத்தின் முதல் அடியைத் தொடங்குமுன் ஒரு நொடி பயம் வரும். அப்போது, பெருமாளுக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த டாக்டருக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.